முப்பத்தாறு அதிகாரிகளும் ஒன்பது ட்ரையலும்

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் கார் கம்பெனிகளுக்குப் பிளாஸ்டிக் பாகம் போட்டுக் கொடுக்கிற வெண்டார்கள் ஏராளம். அவர்களின் தரப்பிரிவு அலமாரியைக் குடைந்தால், ஏதாவது ஒரு ஃபைலுக்குள் இந்த அட்டவணை கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு:

1 1 1 1
1 2 2 2
1 3 3 3
2 1 2 3
2 2 3 1
2 3 1 2
3 1 3 2
3 2 1 3
3 3 2 1

பெயர் எல்-9. டகுச்சி அட்டவணை என்றும் சொல்வார்கள். அதன் வேலை இதுதான். ஒரு டேஷ்போர்டு மூடி மோல்டிலிருந்து வரும்போது மேற்பரப்பில் லேசாகக் குழி விழுகிறது. லைனில் அதை சிங்க் மார்க் என்பார்கள். உருகிய பிளாஸ்டிக்கின் சூடு, உள்ளே செலுத்தும் வேகம், செலுத்தியபின் அழுத்திப் பிடிக்கும் நேரம், ஆறவிடும் நேரம், இந்த நான்கில் எது காரணம் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் குறைவு, நடு, அதிகம் என மூன்று லெவலில் வைத்துப் பார்க்கலாம். எல்லாச் சேர்க்கையையும் ஓட்டுவதென்றால் 3×3×3×3, மொத்தம் 81 ட்ரையல். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை 81 ட்ரையலுக்கு விட்டுக்கொடுக்கிற புரொடக்‌ஷன் மானேஜர் இன்னும் பிறக்கவில்லை. ஒன்பதுக்கு விடுவார், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது.

அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு ட்ரையல், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ஃபேக்டர். ஏதாவது இரண்டு நெடுவரிசைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். 11, 12, 13, 21 என்று 33 வரை ஒன்பது ஜோடிகளும் ஒரே ஒரு முறை வரும். எந்த இரண்டை எடுத்தாலும் இதே கதைதான். அதனால், சூடு அதிகமாக இருந்த மூன்று ட்ரையல்களின் சராசரியைக் குறைவாக இருந்த மூன்றோடு ஒப்பிடும்போது, மற்ற மூன்று ஃபேக்டர்களும் இரண்டு பக்கமும் சமமாகக் கலந்து கணக்கிலிருந்து கழன்றுவிடும். (சூடும் நேரமும் கூட்டுச் சேர்ந்து சேட்டை செய்தால் எல்-9 அதைக் காட்டிக்கொடுக்காது. பயிற்சி வகுப்புகளில் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள்.)

வேலைக்கு இவ்வளவு போதும். ஆனால் அட்டவணைப் புத்தகத்தைச் சும்மா புரட்டுகிறவர் கண்ணில் வேறொன்று படும். மூன்று லெவலுக்கு 9 ட்ரையல். நான்கு லெவலுக்கு 16 ட்ரையலில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஐந்துக்கு 25. ஆறு லெவல், நான்கு ஃபேக்டர், 36 ட்ரையல்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்-36 என்று ஒன்று உண்டுதான். அதில் வருவது இரண்டு லெவலும் மூன்று லெவலும், அது வேறு ரகம். ஏன் ஆறுக்கு இல்லை என்று கேட்டால், ஆறு லெவல் யாருக்கு வேண்டும் என்று பதில் வரும். நியாயமான பதில். அந்தக் கேள்வியால் ஃபேக்டரிக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது. பிரயோஜனம் பார்க்காமல் அதைப் பிடித்துக்கொண்டு போனால், ரஷ்யப் பேரரசின் தலைநகரில் தொடங்கி, அல்ஜியர்ஸ், கல்கத்தா வழியாக நம் கிண்டிக்கே வந்து சேரலாம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியில் 1779-ல் லியோன்ஹார்டு ஆய்லர் ஒரு புதிரை முன்வைத்தார். 1782-ல் அது அச்சேறியது. ஆறு படைப்பிரிவுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு அதிகாரிகள், ஆளுக்கொரு பதவி, ஆறு பதவிகளுக்கும் ஒவ்வொருவர். இந்த 36 பேரையும் 6×6 சதுரமாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும், எந்த நெடுவரிசையிலும், ஒரே பதவியும் இருமுறை வரக்கூடாது, ஒரே படைப்பிரிவும் இருமுறை வரக்கூடாது. தன்னால் முடியவில்லை, முடியாது என்றே நினைக்கிறேன், ஆனால் நிரூபணம் கைவசம் இல்லை என்பதுதான் ஆய்லரின் நிலை. கணக்கில் அவருக்கு முடியாதது என்றால் அது யோசிக்க வேண்டிய விஷயம். அப்போது அவருக்குக் கண் பார்வையும் அநேகமாகப் போயிருந்தது. சதுரங்களை மனதுக்குள்ளேதான் நிறுத்திப் பார்த்திருப்பார்.

எல்-9 இதே புதிரின் குட்டி வடிவம். முதல் நெடுவரிசையை நிற்கும் வரிசை என்றும், இரண்டாவதை நிற்கும் நெடுவரிசை என்றும், மூன்றாவதைப் பதவி என்றும், நான்காவதைப் படைப்பிரிவு என்றும் வாசித்துப் பாருங்கள். மூன்று படைகள், மூன்று பதவிகள், ஒன்பது அதிகாரிகள், ஒழுங்காக நிற்பார்கள். ஆறுக்கு அட்டவணை இல்லாததும், ஆய்லரின் 36 பேர் அணிவகுக்க மறுப்பதும் ஒரே சங்கதி.

இப்படி ஒன்றைப் படித்துவிட்டு "அடேயப்பா" என்று நகர்ந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, பிரபஞ்சமே ஒரு மாயை என்று பின்னணி இசையோடு சொல்லும் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வியப்பை மட்டும் வாங்கிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மூலையையாவது கையால் போட்டுப் பார்த்தவனுக்குக் கிடைக்கும் ருசி வேறு. இதற்குத் தேவை ஒரு சீட்டுக்கட்டு.

கட்டிலிருந்து ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய பதினாறு சீட்டுகளையும் எடுத்து, நான்குக்கு நான்காக அடுக்கவேண்டும். எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒரே படமும் திரும்பக்கூடாது, ஒரே பூவும் திரும்பக்கூடாது. ஐரோப்பாவில் 1725-லேயே அச்சில் வந்த பழைய புதிர். தடவித் தடவிப் போட்டாலே வந்துவிடும். வரும்வரை அடுத்த பத்தியைப் படிக்காமல் இருப்பது உத்தமம்.

முறையாகப் போடுவதென்றால், முதலில் படங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்:

ஏஸ் ராஜா ராணி ஜாக்கி
ராஜா ஏஸ் ஜாக்கி ராணி
ராணி ஜாக்கி ஏஸ் ராஜா
ஜாக்கி ராணி ராஜா ஏஸ்

பிறகு பூக்களுக்கும் இதே சதுரத்தை எடுத்து, ஏஸுக்குப் பதில் ஸ்பேடு, ராஜாவுக்குப் பதில் ஆட்டின், ராணிக்கு டைமன், ஜாக்கிக்கு கிளாவர் என்று மாற்றுங்கள். முதல் வரிசை அப்படியே இருக்கட்டும். மற்ற மூன்றையும் ஒரு படி மேலே ஏற்றுங்கள்: மூன்றாவது இரண்டாவதாக, நான்காவது மூன்றாவதாக, இரண்டாவது கடைசிக்குப் போகட்டும். இரண்டு சதுரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏஸ் ஸ்பேடு, ராஜா ஆட்டின் என்று தொடங்கி, பதினாறு சீட்டும் ஒரே ஒரு முறை வரும்.

இது ஏன் பலிக்கிறது என்பதில்தான் விசித்திரம் ஆரம்பம். மூன்றுக்கு வழி சுலபம். வரிசைகளையும் நெடுவரிசைகளையும் 0, 1, 2 என்று எண்ணுங்கள். வரிசை எண்ணோடு நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் பதவி. வரிசை எண்ணை இரட்டிப்பாக்கி நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் படை. மூன்றோ அதற்கு மேலோ வந்தால், மூன்றுக்குக் கீழே வரும்வரை மூன்றைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். எல்-9-ன் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள், இதுவேதான். ஐந்துக்கும் ஏழுக்கும் இதே சூத்திரம் ஓடும். நான்குக்கு ஓடாது. இரண்டாம் வரிசைக்கு வரும்போது 2×2 = 4, நான்கைக் கழித்தால் பூஜ்யம்; அந்த வரிசை பூஜ்ய வரிசையின் நகலாக வந்து நிற்கும். இரண்டால் பெருக்குவதற்குப் பதில் மூன்றால் பெருக்கினாலும் வேறோர் இடத்தில் இடிக்கும். பூஜ்யம் இல்லாத இரண்டு எண்கள் பெருகிப் பூஜ்யமானால் அந்தக் கணக்கில் வகுக்க முடியாது. அதுதான் நோய்.

மருந்து கொடுத்தவர் எவரிஸ்ட் கலுவா. 1830-ல், பதினெட்டு வயதில். (இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், அந்தப் பதினெட்டு வயதுக் கட்டுரையைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு.) 2-ஐயும் 3-ஐயும் தூக்கிப் போட்டுவிட்டு, 0, 1, அ, ஆ என்று நான்கு எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த எண்ணையும் அதனோடே கூட்டினால் பூஜ்யம். 1 + அ = ஆ. அ × அ = ஆ. இவ்வளவுதான் சட்டம். அ × ஆ எவ்வளவு? ஆ என்பது 1 + அ; ஆக அ × ஆ = அ + அ×அ = அ + ஆ = அ + 1 + அ. இரண்டு அ-வும் சேர்ந்து ஒழிந்தன, மிச்சம் 1. பூஜ்யம் வரவில்லை, ஒன்று வந்துவிட்டது. அதாவது அ-வால் வகுக்க வேண்டுமென்றால் ஆ-வால் பெருக்கினால் போதும். ஒன்றும் ஒன்றும் பூஜ்யம் என்கிற இந்த அசட்டுத்தனமான உலகத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் பிசகில்லாமல் நடக்கின்றன. மேலே போட்ட படச் சதுரம் இந்த நான்கு எண்களின் கூட்டல் வாய்பாடு. வரிசைகளை ஏற்றி இறக்கியது அ-வால் பெருக்கியது.

இப்படிப்பட்ட எண்கூட்டங்கள் 2, 3, 5, 7 போன்ற பகா எண்களுக்கும் அவற்றின் அடுக்குகளுக்கும் மட்டுமே உண்டு: 4, 8, 9, 16, 25 என்று. 256-க்கு உண்டு. ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பின் பெட்டியிலும் ஒட்டியிருக்கிற கியூ.ஆர். ஸ்டிக்கரில் மசி கொஞ்சம் அழிந்தாலும் ஸ்கேனர் படிக்கிறதே, அது அந்த 256 எண்களை வைத்துத்தான். கியூ.ஆர். பிறந்ததும் இதேபோன்ற ஒரு கார் உதிரிபாகத் தொழிலில்தான்: 1994, ஜப்பானின் டென்சோ, மசாஹிரோ ஹாரா. இருக்கட்டும். 6-க்கு அப்படி ஓர் எண்கூட்டம் கிடையாது. 10-க்கும் கிடையாது, 12-க்கும் கிடையாது.

அப்படியானால் 6, 10, 12 எதற்குமே அணிவகுப்பு முடியாதா? இங்கேதான் கதை வழுக்குகிறது. 12-க்கு முடியும், 3-க்கும் 4-க்கும் போட்ட சதுரங்களைப் பெருக்கிச் சேர்த்துவிடலாம். நான்கால் வகுபடுவதற்கும் ஒற்றைப்படைக்கும் ஆய்லரே வழி காட்டிவிட்டார். மிச்சம் 2, 6, 10, 14, 18 என்று போகும் வரிசை. இவை ஒன்றுக்குமே முடியாது என்று ஊகித்தார்.

இரண்டுக்கு முடியாது என்பது நாலு சீட்டைப் போட்டாலே தெரியும். ஆறுக்கு முடியாது என்பதை நிரூபித்தவர் கஸ்தோன் தாரி. கணிதப் பேராசிரியர் இல்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசின் நிதி நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். கணக்கு ஓய்வு நேரத்து வேலை. (தமிழில் பொழுதுபோக்குக் கணிதம் பற்றி எழுதினால், துறைமுகக் குமாஸ்தா ராமானுஜனைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அவர் பொழுதுபோக்காளர் இல்லை; முழுநேரப் பித்தர். வேலைதான் அவருக்குப் பொழுதுபோக்கு.) 6×6-ல் எழுதக்கூடிய லத்தீன் சதுரங்கள், அதாவது வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒன்று திரும்ப வராத சதுரங்கள், 81 கோடிக்கும் மேல். முதல் வரிசையையும் முதல் நெடுவரிசையையும் ஒழுங்கு செய்துவிட்டால் 9,408 ஆகச் சுருங்கும். தாரி அதையும் 17 குடும்பங்களாகப் பிரித்து, குடும்பம் குடும்பமாகப் பார்த்து, 1901-ல் முடிவைச் சொன்னார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒன்றுக்கும் ஜோடி சேரவில்லை.

ஆய்லர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள், 1959 வரை. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போயிருந்த ராஜ் சந்திர போஸ், அவரோடு சேர்ந்து வேலை பார்த்த எஸ்.எஸ். ஸ்ரீகண்டே, இருவரும் 22-க்கு ஒரு ஜோடிச் சதுரத்தைக் கட்டிக்காட்டினார்கள். யூனிவாக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ஈ.டி. பார்க்கர் 10-க்கே கண்டுபிடித்தார். அந்த 10-ன் கீழ் மூலையில் ஒரு 3×3 குட்டிச் சதுரம் தனியாக உட்கார்ந்திருக்கும்: 10 = 7 + 3. ஏழுக்கும் எண்கூட்டம் உண்டு, மூன்றுக்கும் உண்டு. இரண்டையும் ஒட்டுப்போட்ட வேலை. பிறகு மூவரும் சேர்ந்து, 2-ஐயும் 6-ஐயும் தவிர எல்லா எண்ணுக்கும் முடியும் என்று காட்டினார்கள். ஆய்லரின் ஊகம் அந்த இரண்டு எண்களுக்கு மட்டும் உண்மை, மீதி எல்லாவற்றுக்கும் தவறு. ஏப்ரல் 1959-ல் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் இந்தச் செய்தி வந்தது. ஒரு லத்தீன் சதுரத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

கல்கத்தாவை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும், எல்-9 அந்த வழியாகத்தான் வந்தது. கலுவாவின் எண்களைச் சதுரம் கட்டப் பயன்படுத்தலாம் என்று 1938-லேயே போஸ் அங்கே காட்டியிருந்தார். அதே கழகத்தில் சி.ஆர். ராவ், அன்றைய சென்னை மாகாணத்து பெல்லாரி மாவட்டத்தில் ஹடகளியில் பிறந்தவர், 1940-களில் செங்குத்து அணிகள் என்ற பொதுவான கருத்தை உருவாக்கினார். எந்த இரண்டு நெடுவரிசையிலும் எல்லா ஜோடியும் சமமாக வரும் என்ற அந்தப் பண்புதான் அது. 1954-55-ல் கெனிச்சி டகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர் அந்தக் கழகத்துக்கு வந்து தங்கினார். பிறகு அவர் பெயரில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பரவிய அட்டவணைகள், ஜப்பானிய, கொரியக் கார் கம்பெனிகள் இங்கே கால் வைத்தபோது தரக் கையேடுகளோடு சேர்ந்து ஒரகடத்துக்கும் வந்தன. கல்கத்தாச் சரக்கு டோக்கியோ போய் லேபிள் மாறி வந்திருக்கிறது.

ஆறு மட்டும் அப்படியே நின்றது. 36 பேரில் 34 ஜோடிகள்வரை வெவ்வேறாக வரவைக்கலாம். அதற்குமேல் ஒன்றுகூட நகராது.

2022 பிப்ரவரியில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஆறு பேர் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. சுஹைல் அகமது ராதர், அருள் லட்சுமிநாராயண் இருவரும் அப்போது கிண்டியில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் இயற்பியல் துறையில் இருந்தவர்கள். மற்ற நால்வர் கரோல் ஜிச்கோவ்ஸ்கி உட்பட போலந்துக்காரர்கள். அதிகாரிகள் குவாண்டம் பொருள்களாக இருந்தால் 36 பேரும் அணிவகுக்க முடியும் என்பது அவர்களின் முடிவு.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நிதானமாகப் பார்த்தால் பிடிபடும். சாதாரணக் கணக்கில் இரண்டு பேர் ஒன்று, அல்லது வேறு. நடுவில் எதுவும் இல்லை. குவாண்டத்தில் ஒவ்வொரு நிலையும் ஓர் அம்பு. இரண்டு அம்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் 'வேறு வேறு' என்று பொருள். கிழக்கும் வடக்கும் வேறு வேறு. ஆனால் வடகிழக்கும் வடமேற்கும் கூடச் செங்குத்துத்தான், இரண்டிலும் வடக்கு கலந்திருந்தாலும். ஆக, வேறு வேறாக இருப்பதற்கான வழிகள் திடீரென்று பெருகிவிடுகின்றன. இன்னொன்று பின்னல். ஓர் அதிகாரி 'கர்னல், முதல் படை' என்பதும் 'மேஜர், இரண்டாம் படை' என்பதும் கலந்த நிலையில் இருக்கலாம். அவர் பதவி என்ன என்று தனியாகக் கேட்டால் உறுதியான பதில் இல்லை, படை எது என்றாலும் இல்லை. ஆனால் ஒன்றை அளந்துவிட்டால் மற்றது தெரிந்துவிடும். தாரியின் 17 குடும்பங்களில் இப்படிப்பட்ட அதிகாரிகளுக்கு இடமே இல்லை.

கிட்டத்தட்டச் சரியாக வரும் ஓர் அணிவகுப்பிலிருந்து ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பத் திருத்தி, கடைசியில் பிசிறில்லாத விடைக்கு வந்து சேர்ந்தார்கள். விடையில் பதவிகள் இரண்டிரண்டாக மட்டுமே கலக்கின்றன, படைகளும் அப்படியே. கலவையின் அளவுகளில் 1.618 என்று தொடங்கும் பொன் விகிதம் தலைகாட்டுகிறது. அதை யாரும் தேடிப் போகவில்லை.

இதை நான்கு பகடைகளாகவும் சொல்லலாம். ஆறு முகமுள்ள நான்கு குவாண்டம் பகடைகள். எந்த இரண்டை உருட்டிப் பார்த்தாலும் எல்லா ஜோடியும் சம வாய்ப்போடு வரும், ஆனால் அந்த இரண்டின் முடிவு மற்ற இரண்டின் நிலையை முழுதாகத் தீர்மானித்துவிடும். எல்-9-ன் பண்பும் அதுதானே? எந்த இரண்டு நெடுவரிசை தெரிந்தாலும் மற்ற இரண்டும் தெரிந்துவிடும். உண்மையிலேயே, எல்-9-ன் ஒன்பது வரிகளையும் சம அளவில் கலந்து ஒரு குவாண்டம் நிலையாக எழுதினால், மூன்று முகப் பகடைகளுக்கு இதே ரக நிலை கிடைத்துவிடும். பாதித் தகவல் தொலைந்தாலும் மீதியிலிருந்து மீட்கிற இந்தக் குணத்துக்குக் குவாண்டம் பிழைதிருத்தத்தில் வேலை இருக்கிறது.

சில தலைப்புகள் ஆய்லரின் 243 ஆண்டுப் புதிர் தீர்ந்தது என்று எழுதின. தீரவில்லை என்பேன். தாரி சொன்னது சொன்னதுதான். ரத்தமும் சதையுமான 36 அதிகாரிகள் இன்றைக்கும் அணிவகுக்க மாட்டார்கள். மாறியது கேள்வி. சீட்டாட்டத்தில் நடுவில் விதியை மாற்றினால் அழுகுணி என்போம். இங்கே நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை, ஒரே ஒரு காரணத்துக்காக: புதிய விதியில் எல்லாமே முடிந்துவிடவில்லை. இரண்டு பதவி, இரண்டு படை, நான்கு அதிகாரிகள் என்ற எளிய புதிர் இருக்கிறதே, அது குவாண்டத்திலும் முடியாது. 2000-ல் ஹிகுச்சி, சட்பரி இருவரும் நிரூபித்துவிட்டார்கள். குவாண்டம் என்றால் எதுவும் நடக்கும் என்பவர்கள் அந்த நான்கு பேரை நிறுத்திக் காட்டட்டும்.

ஆறு முடிந்த கதை என்று தோன்றினால் பத்துக்குப் போகலாம். பத்துக்கு ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு சதுரங்களை 1959-ல் பார்க்கர் கொடுத்துவிட்டார். அதிகபட்சமாக ஒன்பது சதுரங்கள் இருக்கலாம் என்று கோட்பாடு சொல்கிறது. அந்த ஒன்பதும் சேர்ந்து இருக்க வழியில்லை என்பதை 1989-ல் கனடாவின் கிளெமென்ட் லாம் குழு சூப்பர் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஓட்டி முடிவுசெய்தது. மூன்று சதுரங்கள் உண்டா என்று கேட்டால் உண்டு என்று காட்டியவரும் இல்லை, இல்லை என்று நிரூபித்தவரும் இதுவரை இல்லை.